கவிழ்த்த படகுக்கு அடியில்

எனக்குச் சீக்கிரம் கோபம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பின்னால் நான் போடப்போகும் சத்தத்துக்கு நீங்கள் அதிர மாட்டீர்கள். போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் எங்கள் படகுக் கம்பெனிக்கு வருகிற லாரிக்காரர்கள்கூட, மேடம் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று வாசலில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். என் பெயர் சித்ரா. சரக்கு வாங்குவதும், வந்ததை எந்தப் பட்டறைக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் என் வேலை.

நாங்கள் ஃபைபர் படகு செய்கிறோம். அச்சுக்குள் கண்ணாடி நூல் பாயை விரித்து, ரெசின் என்கிற பிசினைப் பூசி, அடுக்கடுக்காக ஏற்றினால் படகு. கேட்க எளிது. ஆனால் பாயும் சென்னையிலிருந்து வரவேண்டும், பிசினும் சென்னையிலிருந்து வரவேண்டும். ரெசின் தீப்பற்றும் சரக்கு. எல்லாக் கப்பலும் அதை ஏற்றாது. ஏற்றுகிற கப்பலும் இத்தனை டிரம்தான் என்று கறாராக நிற்கும். வருகிற அந்தக் கொஞ்சத்தை எங்கள் ஜங்லிகாட்டுப் பெரிய பட்டறையும், வடக்கே ஒரு நாள் பயணத்தில் இருக்கும் ரங்கத்துச் சின்னப் பட்டறையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே எங்கள் தீவுப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடை வைத்திருப்பவரோ பட்டறை வைத்திருப்பவரோ, யாராக இருந்தாலும் ஒதுக்கு என்று ஒன்று வைத்திருப்பார். வந்த சரக்கில் கொஞ்சத்தை யார் கண்ணிலும் படாமல் தள்ளி வைப்பது. புயல் வந்து கப்பல் நின்றுபோனால் அதுதான் சோறு போடும். வெங்காயக் கடையிலும் உண்டு, சிமெண்ட் கடையிலும் உண்டு. அடுத்தவர் ஒதுக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பது அநாகரிகம். சம்பந்தி வீட்டில்கூடக் கேட்க மாட்டார்கள். மால், அதாவது சரக்கு, இருக்கா என்றால் இல்லையே என்பதுதான் பதில். அதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

போன வருஷம் எங்கள் முதலாளி ஜம்புலிங்கம் அண்ணாச்சி ஒரு ஆப் வாங்கினார். தூத்துக்குடிக்காரர். ஒரு ஆணி வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவர். அவரை வாங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. சென்னையில் டிரம்மை ஏற்றும்போதே அதன் மேல் ஒட்டிய சீட்டை ஸ்கேன் செய்வார்கள். போர்ட் பிளேர் துறைமுகத்தில் இறக்கும்போது ஒரு தடவை, பட்டறையில் திறக்கும்போது ஒரு தடவை. எந்த டிரம் எந்தக் கப்பலில் இருக்கிறது, எங்கே தாமதமாகிறது, யாரிடம் எவ்வளவு மிச்சம் என்று எல்லாம் போனில் தெரியும். யாருக்கு முதலில் தீரப்போகிறதோ அவருக்கு அடுத்த கப்பலில் அதுவே இடம் பிடித்து வைக்கும். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் ஒழுங்கான பிறகுதான் இதெல்லாம் இங்கே நினைத்துப் பார்க்கவே முடிந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வேலை செய்தது. முன்பெல்லாம் சென்னைக்குப் போன் போட்டு, டிரம் கிளம்பிவிட்டதா என்று கெஞ்சி, கிளம்பிவிட்டது என்ற பதிலை நம்பி, கப்பல் வந்து பார்த்தால் டிரம் இருக்காது. இப்போது எங்கள் கையிருப்பு குறைவதைப் பார்த்து ரெசின் கம்பெனிக்காரர்களே முன்னதாகக் காய்ச்சி வைத்தார்கள். அச்சுகள் காலியாகக் கிடப்பது நின்றது. சொன்ன தேதியில் படகு போனது. அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் போனை எடுத்துக் காட்டினார்.

ரங்கத்துக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அங்கே பட்டறையை நடத்துவது ஒச்சம்மா அக்கா. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். சுனாமிக்குப் பிறகு அக்கா ரங்கத்துக்கு வந்து, படகு வேலை பழகி, இப்போது ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்குகிறார். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். அவரும் ஒதுக்கு வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால், தென்னோலைக் குவியலுக்கு அடியில், இரண்டு டிரம்.

அதையும் கணக்கில் காட்டச் சொன்னேன். காட்டினால் அடுத்த கப்பலில் குறைத்துவிடுவார்கள் என்றார் அக்கா. குறைக்க மாட்டார்கள், எல்லோரும் உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் வரும் என்றேன். அக்கா பிறகு ஓலையை விலக்கி, இரண்டு டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்து என் கண் முன்னால் ஸ்கேன் செய்தார். என்னை நம்பிச் செய்தார். அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஏப்ரலில் சிக்கல் ஆரம்பித்தது. மழைக்காலம் பிடிப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் படகு வேண்டும். ரங்கத்தில் ஒரு மீனவர் சங்கத்துக்கு இரண்டு படகு முடித்துக் கொடுக்க வேண்டும். முதல் கப்பலில் வந்த ரெசின் முழுவதும் ஜங்லிகாட்டுக்கே போனது. இரண்டாவது கப்பலிலும் அப்படித்தான். ஆப்பில் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. ரங்கத்தில் நான்கு டிரம் இருந்தபோது ஜங்லிகாட்டில் ஒன்று. ரங்கத்தில் ஒன்று ஆனபோது ஜங்லிகாட்டில் அதுவும் இல்லை. எங்களுடையது பெரிய பட்டறை, தேவையும் பெரிது. இல்லாதவனுக்கு முதலில் கொடு என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தோம். அது கொடுத்தது.

மூன்றாவது கப்பலும் அப்படியே போன அன்று அக்கா போன் செய்தார். இரண்டாவது படகு பாதியில் நிற்கிறது என்றார். பாதி அடுக்கோடு காய்ந்துவிட்டால் அடுத்த அடுக்கு ஒட்டாது, மொத்தத்தையும் தேய்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி நிம்மதியாகியிருப்பேன்.

"நான் ஒளிச்சு வச்சிருந்தா இன்னிக்கு அந்தப் படகு முடிஞ்சிருக்கும் புள்ள," என்றார். "நெசத்தச் சொன்னேன், இப்ப காம் பந்த். பொடியனுங்க சும்மா உக்காந்திருக்கானுங்க."

பார்க்கிறேன் அக்கா என்று வைத்துவிட்டேன்.

அதே வாரம் அண்ணாச்சி என்னை அறைக்குக் கூப்பிட்டார். போனில் ரங்கத்தின் பெயர் சிவப்பாக இருந்தது. தாமதம் என்றால் சிவப்பு. இந்த மாதத்தோடு ரங்கத்துப் பட்டறையை மூடிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். சொன்ன தேதியில் கொடுக்க முடியாத இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆப்பே சொல்கிறதே என்றார். ஆப்பே சொல்கிறதாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் அதைத் தொடவே பயந்த மனிதர். மூடிவிட்டால் ஒச்சம்மா அக்காவும் மற்றவர்களும் தோப்புகளில் தேங்காய் பொறுக்கத்தான் போகவேண்டும். ரங்கத்தில் வேறு பட்டறை கிடையாது. கப்பல் அட்டவணை கையில் வரட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டறையைக் கடந்து போகும்போதுதான் அது உறைத்தது. ஆப்பின் கணக்கில் ரெசினே இல்லாத எங்கள் பட்டறையில் ஒரு அச்சுகூட நிற்கவில்லை. பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு பூசிக்கொண்டிருந்தார்கள். இல்லாத ரெசினை எங்கிருந்து பூசுகிறார்கள்?

ஆப்பில் ஒரு வசதி உண்டு. முடிந்த படகுகளையும் திறந்த டிரம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும். ஆரம்பத்திலேயே அண்ணாச்சி அதை நிறுத்தி வைக்கச் சொன்னார், பயல்களைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்று. நல்ல மனசு என்று நான் நினைத்தேன். இப்போது போய் உட்கார்ந்து அதைத் திறந்தேன். ரங்கத்தின் படகுகள் சரியாக இருந்தன. ஜங்லிகாட்டின் படகு ஒவ்வொன்றும் அதற்கு வேண்டிய ரெசினைப் போல இரண்டு மடங்கு குடித்திருந்தது. அது உண்மையென்றால் அந்தப் படகுகள் மிதக்கவே கூடாது, தண்ணீரில் விட்டதும் தரைக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரே ஸ்டோர் பார்க்கிற முத்துராஜிடம் போனேன். சாது மனிதர், என்னைக் கண்டாலே சட்டைப் பட்டனைச் சரிசெய்வார். திறக்காத டிரம்மைத் திறந்ததாக யார் ஸ்கேன் செய்யச் சொன்னது என்று கேட்டேன். அவர் கடல் பக்கம் பார்த்தார். அங்கே பட்டறைக்குப் பின்னால், வார்ப்பில் கோணிப்போன பழைய படகு ஒன்று கவிழ்த்துக் கிடக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிடக்கிறது. ஏன் இதை அப்புறப்படுத்தவில்லை என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான்கு பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன். அடியில் டிரம்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் சென்னையில் ஒட்டிய சீட்டு. எல்லாமே ஆப்பின் கணக்கில் தீர்ந்துபோனவை. ரங்கத்துக்குப் போயிருக்க வேண்டியவை. ஒன்றைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஓரத்தில் இருந்த பழைய டிரம்மில் குச்சி இறங்கவே இல்லை. வெயில் சூட்டில் கிடந்து உள்ளே அல்வாவாக இறுகியிருந்தது. அதை இனி எந்தப் படகுக்கும் பூச முடியாது. ரங்கத்தில் பாதிப் படகோடு ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இங்கே ஒரு கவிழ்த்த படகுக்கு அடியில் ரெசின் கல்லாகிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. இந்தி, தமிழ் இரண்டிலும் சொன்னேன். பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

சத்தம் கேட்டு அண்ணாச்சியே வந்தார். மாட்டிக்கொண்டவர் முகம் இல்லை அவருக்கு. தன் வீட்டு பீரோவை நான் அனுமதி இல்லாமல் திறந்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிக் கூப்பாடு போடுத?" என்றார். "கப்பல் வரலைன்னா பட்டறைய நீயா ஓட்டுவ? இருவது வருசமா ஒதுக்கு வச்சுத்தான பொழைக்கோம்."

"ஒதுக்கு வைங்க அண்ணாச்சி. யாரு வேண்டாம்னா?" என்றேன். "ஆனா நீங்க வாங்கின ஆப்கிட்டயே பொய் சொல்லிட்டு, அது சொன்னதை வச்சு ரங்கத்தை மூடுறேன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு மழைக்காலம் முழுவதும் பட்டறையைப் பூட்டிப் போட்டு, ஆட்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் பட்டபாட்டை ஜங்லிகாட்டில் எல்லோரும் அறிவார்கள். அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை. ஆனால் தன் பயத்துக்கு விலையாக அடுத்தவர் வேலையைக் கொடுப்பது என்ன நியாயம்? இதையும் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கடைசியில் அவர் கையை வீசி, நல்ல டிரம்களில் சிலவற்றை ரங்கத்துக்கு ஏற்றிவிடச் சொன்னார். பட்டறையை மூடுகிற பேச்சையும் விட்டுவிடலாம், சங்கத்துப் படகு இரண்டும் சொன்ன தேதியில் போகட்டும் என்றார். லாரியைப் பார்க்கத் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அனுப்பு. ஆனா மிச்சம் இருக்கத ஆப்ல காட்டாத."

கொடுக்க மனம் வந்தது, காட்ட வரவில்லை. இப்படியும் ஒரு மனிதர்.

லாரி விடியற்காலை, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாயில் காட்டு வழியாகப் போய், மறுபக்கம் லாரி ஏற்றும் படகில் கடந்து, மாலைக்குள் ரங்கம் சேர்ந்தது. அக்கா படகைத் தேய்த்து மறுபடி ஆரம்பித்துவிட்டதாக ஒரு பையன் படம் அனுப்பினான். நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மழைக்கு முன்னால் ரெசின் ஏற்றும் கடைசிக் கப்பலுக்கு இடம் பிடிக்கிற நாள் வந்தது. அன்று மாலைக்குள் எல்லாப் பட்டறையும் கையிருப்பைப் போட்டாக வேண்டும். போடாத பட்டறைக்கு ஆப் எதுவும் ஒதுக்காது. அந்தக் கப்பலில் வராவிட்டால் ரங்கத்துக்கு மழை முழுவதும் வேலை கிடையாது. இரண்டு படகு முடிந்தால் என்ன, மூன்றாவதுக்கு எதைப் பூசுவது? மூடுகிற பேச்சு தானாகத் திரும்பி வரும். மதியம் வரை ரங்கத்தின் கட்டம் காலியாக இருந்தது. போன் செய்தேன். எண்ணைப் போட மறந்துவிட்டீர்களா அக்கா என்றேன்.

மறக்கவில்லை, போட மாட்டேன் என்றார்.

போடாவிட்டால் சரக்கு வராது, உங்களுக்குத்தான் நஷ்டம் என்று நான் எகிறினேன். என்னுடைய வழக்கமான சத்தம்தான். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அவரு அங்க இருந்துக்கிட்டு என் கொட்டகையப் பாக்குறாரு," என்றார். "அவரு கொட்டகைய நான் பாக்க முடியுதா? ஒரு பக்கம் மட்டும் தொறந்து வச்சா அதுக்குப் பேரு என்ன புள்ள? எனக்கும் காட்டச் சொல்லு. அப்புறம் போடுறேன்."

போனை வைத்த பிறகு எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. கோபம் எல்லாம் என் பக்கம் திரும்பியது. கிளைப் பட்டறைக்குத் தலைமைப் பட்டறையின் கையிருப்பு தெரியக்கூடாது என்று அண்ணாச்சி சொன்னபோது, சரி என்று அந்த வசதியை அடைத்து வைத்தவள் நான்தான். அன்று எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. எல்லோரும் உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் வரும் என்று அக்காவிடம் வாய் கிழியப் பேசிவிட்டு, உண்மையைப் பார்க்கிற உரிமையை ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். முத்துராஜைக் கூட்டிக்கொண்டு பின்னால் போய், கவிழ்த்த படகுக்கு அடியில் மிச்சமிருந்த டிரம்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். இறுகிப் போனதை வீண் என்று போட்டேன். நல்லவற்றைக் கையிருப்பில் சேர்க்காமல் தனியாக ஒரு வரி உண்டாக்கி, அதற்கு ஒதுக்கு என்றே பெயர் வைத்தேன். கப்பல் நின்றால் எடுப்பதற்கு. இருக்கட்டும், எல்லோருக்கும் தேவைதான். ஆனால் வெளிச்சத்தில் இருக்கட்டும். பிறகு, எல்லாப் பட்டறையும் எல்லாப் பட்டறையையும் பார்க்கலாம் என்ற இடத்தில் விரலை வைத்தேன். முத்துராஜ் பட்டனைச் சரிசெய்தார்.

அடுத்த நிமிஷம் ஆப் கணக்கை மாற்றிவிட்டது. ஜங்லிகாட்டில் இல்லை என்று இத்தனை மாதம் அழுதுகொண்டிருந்தது, ஒதுக்காகவாவது இருக்கிறது என்று கண்டவுடன் அங்கே பிடித்து வைத்த இடத்தில் பெரும்பகுதியை விடுவித்துக் காத்திருந்தது. ரங்கம் தன் எண்ணைப் போட்டால் அதற்குப் போகும். சென்னையிலிருந்து ரெசின் கம்பெனிக்காரர் ஒருவர், ஜங்லிகாட்டுக்கு மறுபடி காய்ச்சத் தொடங்கியிருந்ததை நிறுத்திவிட்டதாகச் செய்தி அனுப்பினார். இதைத்தானே முதல் நாளிலேயே இது செய்திருக்க வேண்டும்? செய்யத் தெரிந்துதான் இருந்தது. நாங்கள்தான் விடவில்லை.

அண்ணாச்சி போனைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். அவருடைய டிரம்கள் ரங்கத்துக் கொட்டகை வரைக்கும் தெரிகின்றன என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் சிவந்திருந்தது. அதை உடனே எடுத்துவிடச் சொன்னார். எடுக்க வேண்டுமானால் என்னையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். பட்டறையில் எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபோது இருவர் போனும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

ரங்கத்தின் கட்டம் நிரம்பியிருந்தது. கையிருப்பு என்ற இடத்தில் நாங்கள் அனுப்பியதில் மிச்சமிருந்த டிரம்கள், ஒன்று குறைவாக. அதற்குக் கீழே, நான் கொஞ்ச நேரம் முன்னால் உண்டாக்கிய புது வரியிலும் ஒரு எண் இருந்தது. ஒதுக்கு: ஒன்று. எங்களுடையதைப் பார்த்துவிட்டு, அக்கா தன் ஓலைக் குவியலுக்கு அடியில் இருந்ததையும் காட்டிவிட்டார்.

அண்ணாச்சி அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ எப்பருந்து ஒளிச்சு வைக்கப் பழகுனா?" என்றார். "முந்தி எல்லாத்தையும் காட்டிட்டுத்தான இருந்தா?"

"போன மாசத்துல இருந்துதான் அண்ணாச்சி," என்றேன். "நாமதான் மறுபடி பழக்கிவிட்டோம்."

அவர் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. கப்பலுக்கு இடம் பிடித்தாகிவிட்டது என்று ஆப் சொன்னது. அதில் ரங்கத்தின் பெயர் முதலில் இருந்தது.